இரைச்சலின் வீடு

கரண்ட் போனது. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். காதுக்குள் வழக்கமான இரைச்சல்: டர், டர், டர், டர்ர்ர். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடியும் டர், டர், டர், டர்ர்ர். அதற்கு அடியில் எங்கோ ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும்போது வெளியே நிற்கிற எரிச்சல் இருக்கிறதே, அதேதான்.

கரண்ட் போனதும் தெரு மொத்தமும் "அய்யோ" என்றது. என் காதிலோ, யாரோ குழாயை இறுக்கி மூடியதுபோல் இரைச்சல் நின்றுவிட்டது. நானே செய்த என் ரேடியோப் பெட்டி டார்ச் செல்லில் ஓடுவது. அதற்குத் தெருவின் கரண்ட் வேண்டாம். துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி ஓர் அமைதி. அதில் ஒரு பெண் பேசினாள்.

பெண்! அதுவரை அந்தப் பெட்டியில் நான் கேட்டதெல்லாம் ஆண் குரல்கள்தான். ஒரு பெங்களூர்க்காரர், ஒரு மதுரைக்காரர், கொழும்பிலிருந்து இருமிக்கொண்டே பேசுகிற ஒருவர். இவள் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் நம்மூர் இங்கிலீஷ். காற்றில் சாய்ந்துபோன ஆன்டெனாக் கம்பத்தைத் தானே மொட்டைமாடியில் ஏறி நிமிர்த்தியதாகச் சொல்லிச் சிரித்தாள். பிறகு தன் அழைப்புக் குறியைச் சொல்லத் தொடங்கினாள். அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் பரீட்சை வைத்து அரசாங்கம் கொடுக்கிற பெயர் அது. நம் நாட்டில் 'வி யூ' என்று ஆரம்பிக்கும். "வி... யூ..." என்றாள். அடுத்த எழுத்துக்காக மூச்சைப் பிடித்தேன்.

கரண்ட் வந்துவிட்டது. தெரு ஓவென்று கூவியது. டர், டர், டர், டர்ர்ர்.

ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் மாடியில் நின்று "போச்சு! போச்சு!" என்று தரையை உதைத்தேன். உதைத்து ஓய்ந்தபோது புத்தியில் பட்டது. இந்த இரைச்சல் வானத்திலிருந்து வரவில்லை. வானத்துக்கு ஏது மின்வெட்டு? கரண்ட்டோடு போய்க் கரண்ட்டோடு வருகிறது என்றால் அது இந்தத் தெருவில்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டில், ஏதோ ஒரு சுவிட்சுக்குப் பின்னால். அதற்கு ஒரு வீடு இருக்கிறது. வீடு இருந்தால் நடந்துபோய்க் கதவைத் தட்டலாம்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, வேங்கிக்கால் பக்கம் மனை பிரித்துப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். கீழ்வீட்டில் பெரியப்பா, பெரியம்மா. மாடியில் நாங்கள். பெரியப்பா கலெக்டர் ஆபீசில் சூப்பரிண்டெண்ட். வீட்டிலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் மனு கொடுக்க வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். அவருடைய ஒரே மகன், எங்கள் அண்ணன், வளைகுடாப் பக்கம் எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போயிருந்தார். அந்த ஆடி மாதம் அங்கே சண்டை மூண்டது. அதன்பிறகு கடிதம் வரவில்லை. போன் போட்டாலும் போகவில்லை. வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

என் பெட்டிக்கு மூலம், சித்தப்பா ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது பரணில் விட்டுவிட்டுப் போன ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே டிரான்சிஸ்டர்கள், கண்டென்சர்கள், செம்புக் கம்பிச் சுருள், மடிப்பில் கிழிந்த ஒரு வரைபடம். அவர் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுத ஆசைப்பட்டு வாங்கினாராம். ஆசை தீர்ந்துபோனது, பெட்டி தங்கிவிட்டது. நான் எடுத்துக்கொண்டேன். பேனாக் குழாய்மேல் கம்பியைக் காயிலாகச் சுற்றி, விரலைச் சுட்டுக்கொண்டு, இரண்டு தடவை தலைகீழாகப் பற்றவைத்து, மூன்றாம் தடவை அது பேசியது. விநாயகர் சதுர்த்தி லீவில் தொட்டியிலிருந்து மாடிப்படிக் கூரை வரைக்கும் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினேன். அதுதான் ஆன்டெனா. வெயிலில் அது மின்னுகிற அழகை ரசித்தது தெருவில் நான் மட்டும்தான்.

ஏனென்றால் அதே வாரத்தில் தெருவில் எல்லார் டிவியிலும் வெள்ளைக் கோடுகள் வந்துவிட்டன. சென்னையிலிருந்து வருகிற படத்தை உயரமான குழாய் நட்டு, பூஸ்டர் மாட்டி, பிடித்து இழுத்துதான் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அதன்மேல் வரிசை வரிசையாய்ப் புள்ளிகள், என் காதில் கேட்ட இரைச்சலின் அதே நடையில், ஓடின, நின்றன, மறுபடி ஓடின. பெரியப்பா செய்தி நேரத்தில் டிவியின் விலாவில் அறைவார். அறைக்குப் பயந்து அது நின்றதில்லை.

எதிர்வீட்டு டீச்சரம்மாதான் முதலில் விரலை நீட்டினார். "மாடியில உங்க பொண்ணு ஒயர் கட்டிச்சி பாருங்க சார், அன்னிலேர்ந்துதான் கோடு. நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரியாதா?"

பெரியப்பா என்னைக் கீழே கூப்பிட்டனுப்பினார்.

"இன்னாமா அது, மேல?"

"ரேடியோ, பெரிப்பா. கேக்கறது மட்டும்தான். பேசாது. காது எங்கனா சத்தம் போடுமா?"

"எதிர்த்துப் பேசாத."

"எதிர்த்துப் பேசல. வெவரம் சொல்றேன்."

பின்னால் நின்ற அம்மா என் புஜத்தைக் கிள்ளினார். அப்பா கதவோரம் நின்று, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அப்பா, தன் அண்ணன் சொல்லும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறவர்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்றார் பெரியப்பா. "ஞாயித்துக்கெழம படம் போடறதுக்குள்ள ஒயர் எறங்கணும். எறங்கலன்னா நான் எறக்குவேன்."

"கோடு எங்கேந்து வருதுன்னு நான் காட்டிட்டா?"

அவர் சிரித்தார். நிராகரித்த மனுவை மடித்து வைக்கும்போது வருகிற சிரிப்பு அது. "காட்டு, பாக்கலாம்."

கரண்ட் போன மாலைக்கு அடுத்த நாள், விளக்கு வைத்ததுமே வேட்டையைத் தொடங்கிவிட்டேன். என் பெட்டியைத் தெருவில் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்பாவின் பாக்கெட் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டேன். நிலையங்கள் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தேன். இருந்தது. டர், டர், டர், டர்ர்ர். மெல்லியதாக, ஆனால் அதே நடை. அதை டார்ச்சு மாதிரி கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் நீட்டினால் சத்தம் ஜாஸ்தி, எந்தப் பக்கம் கம்மி என்று பார்த்துக்கொண்டே போனேன்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றினார். "ஸ்கோர் இன்னா பாப்பா?"

"மேட்ச் இல்லண்ணா."

"அப்புறம் எதுக்கு காதுல வச்சினு சுத்தற?"

பதில் சொல்ல நேரமில்லை. தெருமுனையில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கம் நீட்டினால் சத்தம் செத்தே போனது. சாமி பக்கம் சுத்தம் என்று அதை முதலில் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். தெருவுக்குக் குறுக்கே நீட்டினால் சத்தம் கிழித்தது. குறுக்கே நேராக இருந்தது டீச்சரம்மா வீடு. ஆகா என்றேன். என் மேல் பழி போட்ட வாய், என் பெட்டியைக் கெடுத்த வீடு. இதைவிட நேர்த்தியாக ஒரு கணக்கு முடிய முடியுமா?

கேட்டைத் திறந்துகொண்டு போனேன். டீச்சரம்மா கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சுவரில் புதிதாக ஒரு ஃபேன் ரெகுலேட்டர். பழைய கனத்த கறுப்புப் பெட்டி இல்லை. சின்னதாய், வெள்ளையாய், எலெக்ட்ரானிக். அந்த ரகம் இரைச்சல் போடும் என்று படித்திருந்தேன்.

"மிஸ், தெருவுல கோடு வர்றது உங்க ரெகுலேட்டராலதான்."

அவர் சிவப்புப் பேனாவை மூடினார். "என்னாடி?"

"ஒரு நிமிஷம் மெயின் ஆஃப் பண்ணுங்க. நிரூபிச்சுக் காட்டறேன்."

அவருடைய கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பண்ணிக் காட்டேன், புள்ள ஆசப்படுது" என்றார். வேடிக்கைக்காக மெயினை அணைத்தார்கள். ஃபேன் தளர்ந்து நின்றது. வீடு அமைதியானது. என் கையில் டிரான்சிஸ்டர் மட்டும், துளி கூட மாறாமல், டர், டர், டர், டர்ர்ர் என்றது.

"என்ன சொல்லுது உன் பொட்டி?" என்றார் டீச்சரம்மா. "இப்ப நான் ஃபேனக் கழட்டித் தெருவுல போடணுமா?"

அன்று ராத்திரிக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எங்கே போனாலும் "எங்க வீட்டு மெயினையும் ஆஃப் பண்ணட்டுமா?" என்றார்கள். அம்மா டிரான்சிஸ்டரைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். "நாளைக்கு அவங்க வீட்ல போய் மன்னிப்பு கேக்கற."

"கேக்கறேன். ஆனா அவங்களும் எங்கிட்ட கேக்கணும். என் ஒயரும் ஒண்ணும் பண்ணல."

"ஆமா, இது ஒண்ணுதான் கொறச்சல்!"

மன்னிப்புக் கேட்டேன். வாய் கேட்டது. மனம் வேறெங்கோ இருந்தது. டிரான்சிஸ்டர் பொய் சொல்லாது. அப்படியென்றால் அது சொன்னதை நான்தான் தப்பாகப் படித்திருக்கிறேன். எங்கே?

சனிக்கிழமை காலை அப்பா செய்தி கேட்க டிரான்சிஸ்டரை அலமாரியிலிருந்து விடுதலை செய்தார். கேட்டு முடித்து மாடிக் கட்டைச்சுவரில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். சென்னை நிலையம் பாடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்து, சும்மா, அதைத் திசைதிசையாகத் திருப்பினேன். ஓரிடத்தில் பாட்டு அமுங்கி, கிணற்றுக்குள் போய்விட்டது. எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன். எங்கள் ஊரில் திசை தெரியாமல் யாரும் வளர முடியாது. மலை ஒன்று நடுவில் நிற்கிறது, சுற்றி எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கம். எங்கள் மாடியிலிருந்து மலை தென்மேற்கு. மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன். என் கையில் இருந்த டிரான்சிஸ்டரின் முனை ஈசானிய மூலையைக் காட்டியது. அதே கோட்டில், போய்க்கொண்டே இருந்தால், சென்னை.

சென்னையை நோக்கி நீட்டினால் சென்னை செத்துப்போகிறது!

பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே பெட்டியின் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோல், அதில் சுற்றிய காயில். அதுதான் அதன் காது. அந்தக் கோல், முனை காட்டுகிற பக்கத்தைக் கேட்பதில்லை. விலா காட்டுகிற பக்கத்தைத்தான் கேட்கிறது. நான் செவிட்டுப் பக்கத்தை நீட்டி, காது கேட்ட பக்கத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். சத்தம் எங்கே கிழிக்கிறதோ அங்கே இல்லை. சத்தம் எங்கே சாகிறதோ, அங்கே போகவேண்டும்.

எங்கே செத்தது? யோசித்தேன். சாமி பக்கம் சுத்தம் என்று நான் அடித்துவிட்டுப் போன அந்தப் பக்கம்.

மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரைச்சல் தொடங்கியது. முனையைப் பிள்ளையார் கோயிலுக்கு நேராக நீட்டி, செத்துப்போன சத்தத்தைப் பின்பற்றி நடந்தேன். நடக்க நடக்க, செத்த சத்தத்துக்கும் உயிர் வந்துகொண்டிருந்தது. கோயில் வாசலில் எப்படி நீட்டினாலும் அலறியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கும்பிடுகிறவர்களுக்குப் பின்னால், டிரான்சிஸ்டரைக் காதில் வைத்தபடி நின்றேன்.

பிள்ளையார் தலைக்குப் பின்னால் ஒரு விளக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சின்னச் சின்னப் பல்புகள், சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒரு வட்டம், அடுத்த வட்டம், அதற்கடுத்தது, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு வெள்ளம். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடியும்.

சிவப்பு, டர். பச்சை, டர். மஞ்சள், டர். எல்லாம் சேர்ந்து, டர்ர்ர்.

அத்தனை பேரும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்கள். நான் ஒருத்தி இரைச்சலைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வெடித்துவிட்டது.

பூசாரி தீபாராதனைத் தட்டோடு திரும்பினார். அவர் பகலில் தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிப்பவர்; யாரிடமும் கோபமாகப் பேச நேரமில்லாதவர். "இன்னாமா, சாமி எதுக்கவே நின்னுகினு பாட்டு கேக்கற?"

"சாமி, அந்தச் சுத்துற லைட்ட ஒரே ஒரு நிமிஷம் அணைங்களேன்."

"அணைக்கறதா?" தட்டையே கீழே வைத்துவிட்டார். "நல்லா சொன்ன போ. உங்க பெரியப்பா உபயம் அது. சதுர்த்திக்கு மாட்டினது. அணைக்க நான் யாரு?"

சுவரில், சுவிட்சுக்கு மேலே, சக்கரத்தை ஓட்டுகிற பெட்டியைப் பார்த்தேன். 'உபயம்' என்று சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதி, கீழே பெரியப்பாவின் பெயர், பதவியோடு, பெரியம்மா பெயர், அண்ணன் பெயர். எங்கள் ஊரில் டியூப்லைட் உபயம் கொடுத்தால் வெளிச்சம் வர இடமில்லாமல் பெயர் எழுதுவார்கள். இங்கே பெயருக்குப் பக்கத்திலேயே இரைச்சலும் இருந்தது. என் கம்பி ஏறிய அதே சதுர்த்தி லீவில் இதுவும் ஏறியிருக்கிறது. தெருவே டிவியை அணைத்துவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்ட விளக்கு. இதை யார் சந்தேகப்படுவார்கள்?

நியாயமாகப் பார்த்தால் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம்.

ஞாயிறு மாலை பெரியப்பா வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. டிவி இல்லாத வீட்டுக்காரர்கள், டிவி இருந்தும் கூட்டத்தோடு பார்க்க வந்தவர்கள், முன்வரிசையில் டீச்சரம்மா. படம் பாதி போயிருக்கும். வெளியே இருட்டத் தொடங்கியது. கதாநாயகியின் முகத்தில் புள்ளிகள் ஓட ஆரம்பித்தன.

பெரியப்பா திரும்பாமலே சொன்னார்: "ஒயர எறக்கிட்டியா?"

"இல்ல."

கூடம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"நானே அறுக்கறேன், பெரிப்பா. எல்லாரும் பாத்துக்குங்க. அறுத்தப்புறம் கோடு போகலன்னா, நான் சொல்றத கேக்கணும்."

"அடுத்து மெயின ஆஃப் பண்ணச் சொல்லுவா பாருங்க," என்றார் டீச்சரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாடிக்கு ஓடினேன். கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. கம்பி துள்ளிச் சுருண்டது. சுருளைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கி, டிவிக்கு முன்னால், எல்லார் கண்ணிலும் படும்படி தரையில் போட்டேன். அதன் தலைக்கு மேலே, திரையில், புள்ளிகள் ஓடின, நின்றன, ஓடின.

யாரும் சிரிக்கவில்லை. "கோடு போகலியே," என்றார் ஒருவர்.

"ஏன்னா அது ஒயர்லேர்ந்து வரல," என்றேன். "பிள்ளையார் கோயில் சுத்துற லைட்லேர்ந்து வருது."

பெரியம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். பெரியப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சாமி வெளக்கு டிவிய கெடுக்குதுன்னா சொல்ற?"

"சாமி கெடுக்கல, பெரிப்பா. லைட்டு கெடுக்குது."

"இன்னொரு வார்த்த பேசின..."

இன்னொரு வார்த்தை பேசவில்லை. ஓடினேன். பின்னால் அம்மா கூப்பிட்டது கேட்டது. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துதான் இருந்தது. எல்லா வீட்டிலும் அதே படம். கோயிலுக்குள் நுழைந்து, பூசாரி "அடியே, அடியே!" என்று கையை நீட்டுவதற்குள் சுவிட்சைத் தட்டினேன். சக்கரம் நின்றது. பிள்ளையார் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தார்.

தெரு முழுக்க ஒரு "ஆங்!" கிளம்பியது. கூடத்துக்குக் கூடம் எதிரொலித்தது. கேட்டில் டீச்சரம்மாவின் குரல், பள்ளிக்கூட மைதானத்துக் குரல்: "போச்சு! கோடு போச்சு! கண்ணாடி மாதிரி தெரியுது!"

மறுபடி போட்டேன். "ச்சே!" என்றது தெரு. அணைத்தேன். "ஆங்!" போட்டேன். "ச்சே!"

அப்போதுதான் எனக்கு அந்தப் பேராசை பிடித்தது. அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்காக மோர்ஸ் பழகிக்கொண்டிருந்தேன். குட்டை, நெட்டை என்று எழுத்துகளைத் தட்டுகிற பாஷை. அதில் முதலில் கற்பது ஓர் அழைப்பு. 'யாராவது இருக்கிறீர்களா' என்று அர்த்தம். பெயர் சொல்லாமல், வானத்தைப் பார்த்துப் பொதுவாகக் கூப்பிடுவது. நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை. நெட்டை, நெட்டை, குட்டை, நெட்டை. சுவிட்சில் அதைத் தட்டினேன். தெரு முழுக்க டிவிகளில் என் அழைப்பு ஓடியது. தெருவே முனகி முனகிப் பதில் சொன்னது. லைசென்ஸ் இல்லாமல், பிள்ளையார் சாட்சியாக, நான் செய்த முதல் ஒலிபரப்பு அதுதான்.

முடிப்பதற்குள் வாசலில் பெரியப்பா நின்றார். அவருக்குப் பின்னால் அரைத் தெரு. கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஆனால் தலையைக் குனியவில்லை.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நின்றுபோன சக்கரத்தைப் பார்த்தார். "போடு," என்றார். குரல் எனக்குப் பழக்கமான குரலாக இல்லை. "மொதல்ல போடு. அது எரியணும்."

போட்டேன். சிவப்பு, பச்சை, மஞ்சள். கன்னத்தில் போட்டுக்கொண்டார், இரண்டு முறை. பின்னால் யாரோ, "படம் ஓடற வரைக்குமாவது நிறுத்தி வைக்கலாமே சார்" என்றார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், சொன்னவர் கூட்டத்துக்குள் மறைந்தார்.

"எரியட்டும் பெரிப்பா," என்றேன். "அணைக்கவே வேணாம். அந்தப் பெட்டிக்குள்ள ஒரு காயிலும் ரெண்டு கண்டென்சரும் போட்டா இரைச்சல் கரண்ட் ஒயர்ல ஏறாது. லைட்டு இதே மாதிரி சுத்தும். டிவியும் நல்லா தெரியும். என்கிட்டயே இருக்குது."

"சாமி பொருள நோண்டறதா?" என்றார் பூசாரி.

"நோண்டட்டும்," என்றார் பெரியப்பா.

கூட்டம் படத்துக்குத் திரும்பியது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். தோற்றவர் என்ன பேசுவார் என்று எனக்குக் குறுகுறுப்பாக இருந்தது. மன்னிப்பு வருமா? டீச்சரம்மா முன்னிலையில் வந்தால் இன்னும் நல்லது. கேட் பக்கத்தில் வந்ததும் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"உன் பொட்டியில... ரொம்ப தூரம் கேக்குமா?"

"கொழும்பு கேக்குது."

"அது தெக்க. மேக்கால? கடல் தாண்டி?"

எனக்கு ஒரே உற்சாகம். பெரியப்பாவுக்கே ரேடியோ பிடித்துவிட்டது! "இப்ப கேக்காது, பெரிப்பா. காயில மாத்தணும், அது ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா ஒயர்தான் பிரச்சன. நீங்க எறக்கச் சொன்னது ரொம்பக் குட்ட. அதோட அது கெழக்கு மேக்கா ஓடிச்சி. மேக்கேருந்து கேக்கணும்னா ஒயர் தெக்கு வடக்கா ஓடணும். விலாவாலதான் அது கேக்கும். நல்லா நீளமா வேணும், ஒசரமாவும் வேணும்."

அவர் இருட்டில் மாடியை நிமிர்ந்து பார்த்தார். நான் கைவிரலில் அளந்து காட்டுவதையெல்லாம் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"கட்டு," என்றார். "எவ்வளோ நீளம் வேணுமோ கட்டு."

"ராத்திரியில கேட்டாத்தான் அந்தப் பக்கம் நல்லா வரும். அம்மா விடமாட்டாங்க."

"நான் சொல்றேன். நானும் வந்து உக்காந்துக்கறேன்."

கூடத்துக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினேன். அவ்வளவு பெரிய வானத்தில் அவர் ஏன் மேற்கை மட்டும் கேட்டார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாருடைய குரலைக் கேட்க அவர் என் பக்கத்தில் வந்து உட்காரப் போகிறார் என்றும் தோன்றவில்லை. அந்த 'வி யூ' பெண்ணின் மிச்ச எழுத்துகளுக்குத்தான் இந்த உலகமே கம்பி கட்டித் தருகிறது என்று இருந்தேன்.

தொட்டிமேல் ஏறி வடக்கே பார்த்தேன். காலி மனை, அதைத் தாண்டி ஒரு புளியமரம், எங்கள் மாடியைவிட உயரம். அங்கே வரைக்கும் போனால் போதும். காலையில் முதல் வேலையாக நூல்கண்டின் நுனியில் கல்லைக் கட்டி அந்த உச்சாணிக் கிளைக்கு மேலே வீசிப் பார்க்க வேண்டும்.